பிடித்திருக்க ஓர் ஆள்

எதை எதோடு ஒட்டலாம், எதைக் கொண்டு ஒட்டலாம் என்று சொல்வதுதான் நறுமுகையின் பிழைப்பு. முதலில் கார் கண்ணாடிகளுக்குச் சொன்னாள். பிறகு செல்போன் திரைகளுக்கு, காற்றாலை இறக்கைகளுக்கு. கடைசியில் கோயம்புத்தூரில் ஒரு நரம்பு மருத்துவமனைக்கு வந்து மனிதர்களுக்குச் சொல்ல ஆரம்பித்தாள். கேள்விகள் பெரிதாக மாறவில்லை. ஒட்டவேண்டிய இரண்டும் என்ன? எவ்வளவு இழுவை தாங்கவேண்டும்? எவ்வளவு சூடு? காய்வதற்கு எவ்வளவு நேரம் தர முடியும்? இந்த நான்குக்கும் ஒழுங்காகப் பதில் சொல்லிவிட்டால் பசை தானாக வந்து முன்னால் நிற்கும் என்பது அவள் கட்சி.

மனிதர்களிடம் மட்டும் ஐந்தாவதாக ஒன்றைக் கேட்கவேண்டியிருந்தது. “கூட ஆள் இருக்கா?”

கையை இழந்தவர்களுக்குச் செயற்கைக் கை பொருத்துவது அந்தக் காலத்தில் அதிசயமே இல்லை. பல் கட்டுவது போல ஆகிவிட்டிருந்தது. கையின் உள்ளே ஓடும் இழைகளை அறுபட்ட நரம்போடு சேர்க்கும் பசையில்தான் விஷயம் இருந்தது. அதில் இரண்டு வகை. ஒன்று, வாங்கி வைத்த டீ ஆறுவதற்குள் காய்ந்துவிடும். மருத்துவமனைக்காரர்கள் அதை டீப்பசை என்றார்கள். அதைப் போட்டவர் நாலாம் நாள் வேலைக்குப் போகலாம். அந்தக் கை பிடிக்கும், தூக்கும், திருகும், ஆயுசுக்கும் விடாது. ஆனால் எதைத் தொட்டாலும் தொட்டது தெரியாது.

இன்னொன்று ராப்பசை. காய்வதற்கு இரண்டு ராத்திரி எடுத்துக்கொள்ளும். அது காயும் மட்டும் ஒருவர் கூடவே உட்கார்ந்து அந்தப் புதுக் கையைப் பிடித்துக்கொண்டே இருக்கவேண்டும். தடவி, அமுக்கி, கிள்ளி, விரலோடு விரல் கோத்து, ஏதாவது செய்துகொண்டே. அந்தத் தொடுதலின் தடத்தைப் பிடித்துக்கொண்டுதான் நரம்பு ஈரப்பசைக்குள் ஊர்ந்து ஊர்ந்து தன் இடத்தைக் கண்டுபிடிக்கும். காய்ந்த பிறகு அந்தக் கைக்கு எல்லாம் தெரியும். சூடு, குளிர், வழுவழுப்பு, பிள்ளையின் கன்னம், எல்லாமே.

விலை இரண்டுக்கும் ஒன்றுதான். அரசாங்கமே கொடுத்தது. ஆகவே பணக்காரன், ஏழை என்ற பேச்சு இதில் எடுபடவில்லை. ஆள் உள்ளவர்களுக்கு உணர்ச்சியுள்ள கை கிடைத்தது. ஆள் இல்லாதவர்களுக்கு மற்றது. ஊர் இதைக் கண்டுகொள்ள ரொம்ப நாள் பிடிக்கவில்லை. டீப்பசைக் கைக்கு இடுக்கி என்று பெயர் வைத்தது. மாப்பிள்ளை பார்க்கப் போன இடத்தில் பையனின் கையில் கொதிக்கக் கொதிக்கக் காபி டம்ளரைக் கொடுத்துப் பார்த்தார்கள். அவன் பாட்டுக்குப் பிடித்துக்கொண்டு நின்றால், “பாவம், ரெண்டு ராத்திரி உக்கார நாதியில்லாத பையன். அந்தக் குடும்பத்துல பொண்ணக் குடுத்து என்ன பண்றது?” என்று எழுந்து வந்தார்கள். ஊர் வாயை மூட உலைமூடி ஏது?

கூலிக்கு ஆள் வைத்துப் பிடித்தவர்களும் இருந்தார்கள். அது சரிப்படவில்லை. ஷிப்ட் முடிந்ததும் கூலி ஆள் எழுந்து போய் அடுத்த ஆள் உட்கார்ந்தால், வந்தவரின் தொடுதலுக்கு நரம்பு புதிதாகத் தடம் தேடும். பசை அந்த இடத்தில் ஏடு ஏடாகப் பிரிந்துவிடும். பிறகு இரண்டு பசையும் இல்லை. மேலே இன்னும் கொஞ்சம் கையை நறுக்கித் தைத்து அனுப்பவேண்டியதுதான். இரண்டு மூன்று பேருக்கு அப்படி ஆனபின் சொந்தக்காரர் மட்டுமே பிடிக்கலாம் என்று மருத்துவமனை விதி போட்டது.

நறுமுகையின் வலது கையும் இடுக்கிதான். ஒன்பது வருஷத்துக்கு முன்னால் சோதனைக்கூடத்தில் ஒரு அழுத்த யந்திரத்தில் போன கை. “பசையைப் பத்தி எல்லாம் தெரிஞ்ச அந்தம்மாவே டீப்பசைதான் போட்டுக்கிட்டாங்க” என்று நர்ஸ்கள் நோயாளிகளுக்குச் சொல்வார்கள். அவளும் தன் கையை நீட்டிக் காட்டி, “எனக்கும் இதேதான். நல்லாத்தான் இருக்கேன்” என்பாள். அதற்கு மேல் யாரும் வாதாடியதில்லை. ஆள் இல்லாதவர்கள் தலையாட்டிவிட்டு டீப்பசைக்குக் கையை நீட்டிவிடுவார்கள்.

வைகாசி மாதத்தில் ஒரு நாள் சென்னியப்பன் வந்து சேர்ந்தார். கல்யாணச் சமையல்காரர். இனிப்பு அவர் பொறுப்பு. மாவு பிசையும் யந்திரம் அவர் வலது கையை மணிக்கட்டுக்கு மேலே எடுத்துவிட்டிருந்தது. வயது அறுபதை ஒட்டி இருக்கும். கல்யாணம் செய்துகொள்ளாதவர். ஆயிரக்கணக்கான கல்யாணத்துக்குப் பாகு காய்ச்சியவருக்குத் தன் கல்யாணத்துக்கு மட்டும் நாள் அமையவில்லை போலும்.

நறுமுகை தன் கேள்விகளைக் கேட்டாள். ஐந்தாவதற்கு வந்ததும் சென்னியப்பன் சிரித்தார்.

“எங்கையில சாப்புட்டவிய லட்சம் பேரு இருப்பாங்க மேடம். கூப்புட்டுப் பாருங்க.”

அவள் உண்மையிலேயே கூப்பிட்டுப் பார்த்தாள். காங்கேயத்தில் இருந்த ஒரு தங்கை போன வருஷம் தவறிவிட்டிருந்தாள். அவளுடைய மகன் துபாயில். மிச்சமிருந்தது அவருடைய சமையல் கோஷ்டிதான். அவர்களையாவது சொந்தம் என்று கணக்குக் காட்டலாமே என்று நறுமுகை நினைத்தாள். போனை எடுத்தவனின் பின்னால் பெரிய கரண்டி ஓசை கேட்டது.

“மாஸ்டருக்கா? வந்தே தீருவமுங்க. ஆனா இப்ப முகூர்த்தம் அடுத்தடுத்து விழுதுங்களே. நாளைக்கு ஈரோடு, அதுக்கு அடுத்தாப்புல பல்லடம். மாஸ்டரும் இல்லாம தவிச்சிட்டிருக்கறம். வளர்பிறை முடியட்டும், மொத்தப் பேரும் வந்து உக்காந்துக்கறம்.”

வளர்பிறை முடியும்வரை அறுபட்ட நரம்பு காத்திருக்காது. முனை மூடிக்கொண்டுவிடும். மறுநாள் காலையில் ஏதாவது ஒரு பசையைப் போட்டாகவேண்டும். ஆளாளுக்கு மாஸ்டர் மாஸ்டர் என்று உருகுகிறார்கள், ஆனால் உட்கார ஒரு ஆளில்லை. இதில் யாரைக் குறை சொல்வது என்றும் நறுமுகைக்குத் தெரியவில்லை.

சாயங்காலம் அவர் அறைக்குப் போய் வழக்கமாகச் சொல்வதைச் சொன்னாள். தன் வலது கையை நீட்டிக் காட்டினாள். “எனக்கும் இதேதான் மாஸ்டர். நல்லாத்தான் இருக்கேன்.”

சென்னியப்பன் அந்தக் கையைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

“பாத்திரம் தூக்க இது போதுமுங்க. பாகுதான் யோசனை. கம்பிப் பதம் வந்துருச்சான்னு கட்டைவிரல்லயும் ஆள்காட்டி விரல்லயும் தொட்டு இழுத்துப் பாக்கோணும். ஒரு நூலா வருது, ரெண்டு நூலா வருதுன்னு வெரலுக்குத்தான் தெரியும். கண்ணுக்குத் தெரியறப்ப அது முறுகிப்போயிருக்கும்.”

“இடது கையால பாக்கலாமே?”

“இடது கைல தொட்ட பாகை எந்தக் கல்யாண வூட்டுல ஒத்துக்குவாங்க? பொண்ணு வூட்டுக்காரங்க அன்னைக்கே பந்தியில இருந்து எந்திரிச்சுருவாங்க.” பிறகு, பேச்சோடு பேச்சாகக் கேட்டார். “அம்மிணி, நீங்க இதெல்லாம் படிச்சவிய. உங்களுக்கு ஏனுங்க ராப்பசை போடுல?”

ஒன்பது வருஷத்தில் யாரும் அவளிடம் இதைக் கேட்டதில்லை. கேட்கத் தேவையில்லாத மாதிரி அவள் நடந்துகொண்டிருந்தாள். வேலைக்குச் சீக்கிரம் திரும்பவேண்டியிருந்தது என்று ஆரம்பித்தவள் பாதியில் நிறுத்திவிட்டாள்.

“ஆள் இல்லை, மாஸ்டர்” என்றாள்.

அவர் “சரீங்க” என்றார். இரண்டு பேரும் கொஞ்ச நேரம் ஜன்னலுக்கு வெளியே வண்டிகள் போவதைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அப்பா போனபின் தன் கையை யாராவது கடைசியாகப் பிடித்தது எப்போது என்று நறுமுகை யோசித்துப் பார்த்தாள். நினைவுக்கு வரவில்லை. அது அவளைப் பயமுறுத்தியது.

“நான் பிடிக்கறேன்” என்றாள்.

அறுவை மருத்துவர் ஷாஹிதாவுக்கு இது பிடிக்கவில்லை. அவள் நறுமுகையைவிடப் பத்து வயது சின்னவள், ஆனால் விதிகளில் கெட்டி.

“அக்கா, உங்களுக்கே தெரியும், பாதியில எழுந்தா அவர் நிலைமை என்னன்னு. டீப்பசைன்னா ஒரு இடுக்கியாவது மிஞ்சும். இது சொதப்பினா முழங்கை வரைக்கும் எடுக்கணும்.”

“எழுந்திருக்க மாட்டேன்.”

“உங்களுக்கு உணர்ச்சி இருக்கறது ஒரு கைதான். மத்தவங்க இந்தக் கை வலிச்சா அந்தக் கைன்னு மாத்திப் பிடிக்கறாங்க. உங்களால முடியாது. அப்புறம் இன்னொண்ணு. இவருக்கு நீங்க உக்காந்தா, அடுத்த வாரம் ஆளில்லாம ஒருத்தர் வருவார். அவருக்கு?”

ஒன்பது வருஷமாகத் தான் டீப்பசைக்கு அனுப்பிவைத்தவர்களின் முகங்கள் நறுமுகைக்கு முன்னால் வரிசையாக வந்தன. அவர்களில் ஒருவருக்காவது உட்கார்ந்திருக்கலாம். அந்த எண்ணமே அவளுக்குத் தோன்றியதில்லை. ஆள் இருக்கிறதா என்று கேட்பவளும் ஒரு ஆள்தான் என்பது எப்படியோ மறந்துபோயிருந்தது.

“அடுத்த வாரம் வர்றவருக்கு அடுத்த வாரம் பாக்கலாம் ஷாஹிதா.”

“என்ன சொந்தம்னு கேட்டா என்ன சொல்றது?”

“தங்கச்சின்னு சொல்லிரு. அந்த இடம் காலியாத்தான் இருக்கு.”

மறுநாள் காலையில் பசை உள்ளே போனது. பழுப்பு நிறத்தில் புதுக் கை மெத்தைமேல் கிடந்தது. நறுமுகை கட்டிலுக்குப் பக்கத்தில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து தன் இடது கையால் அதைப் பிடித்துக்கொண்டாள். சென்னியப்பனுக்கு ஒன்றும் தெரியவில்லை. வலி மருந்தின் மிதப்பில் இருந்தார்.

பிடிப்பது சுலபம் என்று எண்ணியிருந்தாள். அரைமணி போவதற்குள் தலைமாட்டில் நரம்பின் அசைவைக் கோடாகக் காட்டிக்கொண்டிருந்த திரை கீச்சென்று கத்தியது. நர்ஸ் ஜெபமணி ஓடிவந்து பார்த்தாள்.

“மேடம், ஒரே மாதிரி அமுக்கறீங்க. தபால் ஆபீசுல முத்திர குத்தற கணக்கா இருக்கு. தாளம் வந்துச்சுன்னா நரம்பு தூங்கிரும்.”

நறுமுகைக்கு வெட்கமாகிவிட்டது. இதே விளக்கத்தை எத்தனை குடும்பங்களுக்கு அவளே சொல்லியிருக்கிறாள். யந்திரத்தால் தொட வைத்துப் பார்த்து, அதைத் தாறுமாறாகத் தொடச்சொல்லியும் பார்த்து, எதற்கும் நரம்பு மசியாது என்று கண்டவர்களில் அவளும் ஒருத்தி. இப்போது அவள் தொடுவதும் யந்திரம் தொடுவது போலத்தான் இருந்தது. பழக்கம் விட்டுப்போயிருந்தது.

“அம்மிணி” என்று சென்னியப்பன் கண்ணை மூடியபடியே கூப்பிட்டார். “இப்பிடி நெனச்சுக்கங்க. மைதாவுல நெய் விட்டுப் பிசிறறீங்க. கட்டி தட்டக் கூடாது. எங்க கட்டி இருக்குதோ அங்க மட்டும் நிமிண்டோணும்.”

அவள் அந்தக் கையை நிமிண்டினாள். திரை அடங்கியது.

அப்படியே பகல் போனது. அவர் சொல்லச் சொல்ல அவள் அந்தக் கையில் பாதுஷாவுக்கு நடுவில் குழி அமுக்கினாள், ஜாங்கிரித் துணியைச் சுற்றிப் பிழிந்தாள், லட்டு பிடித்தாள். நெய் சூடாக இருக்கும்போது லட்டு பிடிக்கிறவன் எப்படிக் கையை மாற்றி மாற்றி உதறுவான் என்று அவர் சொன்னபோது சிரித்தும்விட்டாள். எந்தக் கல்யாண வீட்டிலும் தான் மணமேடையைப் பார்த்ததில்லை என்றார். தாலி கட்டும் நேரம்தான் பாகு பதத்துக்கு வருமாம். மேளம் கெட்டியாக விழுந்ததும் அடுப்பைத் தணித்துவிட்டு ஒரு தம்ளர் மோர் குடிப்பாராம்.

“இது ஏனுங்க இத்தன மெதுவாக் காயுது?” என்று அவர் ஒருமுறை கேட்டார்.

“பசைக்குள்ள நூல் நூலா இருக்கும் மாஸ்டர். சீக்கிரம் காய வெச்சா, அதது நின்ன இடத்துலயே சிக்கிக்கும். இறுக்கமா இருக்கும், ஆனா நரம்புக்கு உள்ள வழி இருக்காது. மெதுவா விட்டா ஒண்ணையொண்ணு நகத்தி இடம் பாத்து உக்காரும். நடுவுல நரம்புக்கும் இடம் விடும்.”

“பந்தியில உக்கார வெக்கற மாதிரி.”

“அதேதான்.”

ராத்திரி தோள்பட்டை கடுக்க ஆரம்பித்தது. விடியும்போது விரல்கள் மரத்துப்போய் அவள் சொன்னதைக் கேட்கவில்லை. மணிக்கட்டு மெல்ல மெல்ல மெத்தையில் சரிந்தது. வேறு வழி தெரியாமல் தன் வலது கையால், அந்த இடுக்கியால், தன் இடது மணிக்கட்டைப் பிடித்து நிறுத்தினாள். அதற்குக் களைப்புத் தெரியாது. பிடி என்றால் பிடித்துக்கொண்டே இருக்கும். எவ்வளவு இறுக்கமாகப் பிடிக்கிறது என்றும் அதற்குத் தெரியாது. மணிக்கட்டைச் சுற்றி நீலம் பாரித்துவிட்டது. ஆனால் விரல்கள் மட்டும் கொஞ்சம் ஓய்வு கிடைத்து மறுபடி அசைய ஆரம்பித்தன. ஜெபமணி இட்லியை ஊட்டிவிட்டாள். ஒரு பொம்பிளை இன்னொரு பொம்பிளைக்கு இட்லி ஊட்ட, அவள் ஓர் ஆம்பிளையின் கையைக் கிள்ளிக்கொண்டிருக்க, காலை டிபன் கொண்டுவந்த ஆள் கொஞ்சம் நின்று பார்த்துவிட்டுப் போனான்.

இரண்டாம் நாள் மத்தியானம் திரையில் ஓடிக்கொண்டிருந்த கோடு படுத்துவிட்டது.

ஷாஹிதா வந்து பார்த்தாள். அவள் முகத்தில் சண்டை எதுவும் இல்லை, கவலைதான் இருந்தது. “அக்கா, நரம்பு பதில் சொல்லலை. இப்ப நிறுத்தினா பசையைக் கரைச்சு எடுத்துட்டு டீப்பசை போட்டுரலாம். இன்னும் கொஞ்ச நேரம் போனா கரையாது. அப்புறம் இதுவும் இல்ல, அதுவும் இல்ல.”

நறுமுகை திரையைப் பார்த்தாள். பசை குழம்பாக இருந்து கெட்டியாக மாறும் வேளை அது. அந்த வேளையில் சிலருக்குக் கோடு படுத்து எழுந்ததுண்டு. சிலருக்குப் படுத்தது படுத்ததுதான். எது எது என்று முன்கூட்டிச் சொல்லும் வித்தை யாரிடமும் இல்லை. தன் கை இத்தனை வருஷம் யாரையும் தொடாத கை, அதனால்தான் இப்படி ஆயிற்று என்று அவளுக்குத் தோன்றியது.

“மாஸ்டர், உங்க கை. நீங்கதான் சொல்லணும். இப்ப விட்டா இடுக்கி நிச்சயம். விடலேன்னா என்ன கிடைக்கும்னு எனக்குத் தெரியலை. எனக்குப் பழக்கம் பத்தாது. என்னால கெட்டுப் போனாலும் போகலாம்.”

சென்னியப்பன் அவளுடைய நீலம் பாரித்த மணிக்கட்டைப் பார்த்தார்.

“ஆக்கப் பொறுத்தாச்சு, ஆறப் பொறுக்க மாட்டமா? உங்களுக்கு உக்கார முடியுதுங்களா?”

“முடியுது.”

“அப்பிடின்னா உக்காருங்க.”

ஷாஹிதா நாற்காலிக்கு ஒரு தலையணையைக் கொண்டுவந்து நறுமுகையின் முதுகுக்கு வைத்துவிட்டுப் போனாள். கரைக்கக்கூடிய நேரம் கடந்து, இரண்டாம் ராத்திரியும் வந்தது. அதன்பின் அந்த அறையில் யாரும் பசையைப் பற்றிப் பேசவில்லை. பாதுஷாவும் லட்டும்கூடத் தீர்ந்துபோய்விட்டிருந்தன. நறுமுகை எதையும் நினைக்காமல் அந்தக் கையைத் தடவிக்கொண்டிருந்தாள். அழுகை வந்தது, அழுதாள். துடைக்க ஒரு கையும் சும்மா இல்லை. கண்ணீர் மூக்கோரமாக இறங்கி அவள் சேலையில் விழுந்தது. தனக்காக அழுகிறோமா அவருக்காகவா என்று பிரித்துப் பார்க்க அவளுக்குத் தெம்பில்லை.

“அம்மிணி.”

“சொல்லுங்க மாஸ்டர்.”

“உங்க கை ஏனுங்க இத்தன வேர்த்துக் கெடக்குது?”

அவள் திரையைப் பார்க்கவில்லை. ஜெபமணிதான் பார்த்தாள், பார்த்துவிட்டு ஷாஹிதாவைக் கூப்பிடப் போனாள்.

ஒரு வாரம் கழித்துச் சோதனை வைத்தார்கள். கண்ணைக் கட்டிவிட்டு ஒவ்வொரு பொருளாகக் கையில் வைத்தார்கள். பஞ்சு என்றார், பித்தளை என்றார், பனிக்கட்டி வைத்தபோது வைத்த வேகத்தில் உதறினார். கடைசியில் ஜெபமணி வீட்டிலிருந்து சர்க்கரைப் பாகு கொஞ்சம் காய்ச்சிக் கொண்டுவந்திருந்தாள். இரண்டு விரலால் தொட்டு இழுத்துப் பார்த்துவிட்டு, “ஒரு நூலுக்குப் பக்கமா வந்துட்டு வுட்டுட்டீங்க கண்ணு. இதுல குலாப்ஜாமூன் போடலாம், வேற ஒண்ணும் ஆகாது” என்றார். அறையில் இருந்தவர்கள் எல்லாரும் சிரித்தார்கள்.

கோஷ்டி வேனைக் கொண்டுவந்து வாசலில் நிறுத்தியிருந்தது. சாயங்காலம் தாராபுரத்தில் மாப்பிள்ளை அழைப்பு. பையன்கள் அவருடைய பெட்டியைத் தூக்கிப் போய்விட்டார்கள். ஷாஹிதாவும் அடுத்த நோயாளியிடம் போய்விட்டாள். அறையில் நறுமுகை படுக்கை விரிப்பைச் சரிசெய்வதுபோல நின்றுகொண்டிருந்தாள். வீட்டுக்குப் போனால் அங்கே யாரும் இல்லை என்பது அவளுக்குப் புதிய செய்தி அல்ல. ஆனால் அன்றைக்கு அது புதிய செய்தி போலத்தான் இருந்தது.

“வர்றனுங்க அம்மிணி” என்றார் சென்னியப்பன். கும்பிடுவதற்காகக் கையைத் தூக்கியவர், கும்பிடாமல் அவளுடைய வலது கையைப் பிடித்தார்.

“அது இடுக்கி மாஸ்டர்.”

“தெரியுமுங்க.” அவர் தன் புதுக் கையால் அதை மெதுவாகத் தடவிப் பார்த்தார், விரல் விரலாக. “சூடா இருக்குது.”

“மோட்டார் சூடு. அது ஒரு கோளாறு. மாத்தணும்னு சொல்லிட்டே இருக்கேன்.”

“மாத்தாதீங்க. நல்லாருக்குதுங்க.”

அவளுக்கு அந்தக் கையில் ஒன்றும் தெரியவில்லை. பலமாக இழுத்தால் முழங்கையில் தெரியும். இவ்வளவு மெதுவாகப் பிடித்தால் தெரியாது. பார்த்துத்தான் தெரிந்துகொள்ளவேண்டும். அவர் பிடித்திருப்பதைப் பார்த்தாள். பிறகு பார்க்க முடியாமல் கண்ணை மூடிக்கொண்டாள். மூடியதும் எதுவும் இல்லை. கையும் இல்லை, பிடித்தவரும் இல்லை. காலி அறையில் தான் மட்டும் நிற்பது போல இருந்தது.

“புடிச்சிருக்கீங்களா?” என்று கேட்டாள்.

“புடிச்சிருக்கறனுங்க.”

வாசலில் வேன் ஹாரன் அடித்தது. யாரோ மாஸ்டர் என்று கூப்பிட்டார்கள். நறுமுகை கண்ணைத் திறக்கவில்லை. திறந்து பார்த்துத் தெரிந்துகொள்ள அவள் விரும்பவில்லை. இந்த ஒருதடவை ஒருவர் சொல்லி அதை அவள் நம்பவேண்டும்.

“இன்னும் இருக்கீங்களா?”

“இருக்கறனுங்க” என்றார்.